மாமனார் தடவிப் பார்க்க ஒரு துணி

நல்லம்மாள் செய்த தப்பு இவ்வளவுதான்: தூங்குகிற பிள்ளையைப் புதுத் துணியில் நீட்டிப் படுக்க வைத்து, அடுப்புக் கரியால் தலையிலிருந்து கால்வரை சுற்றிக் கோடு போட்டாள். கேட்கிறவர்கள் "சீச்சீ, எவளாவது இப்படிச் செய்வாளா?" என்பார்கள். இவள் செய்தாள். ஏன் செய்தாள் என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள். திட்ட வாய் வருகிறதா என்று பார்ப்போம்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீட்டு வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு அவளுடையது. புருஷன் ரெங்கசாமிக்கு எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஈப்போ வண்டியில் ஏறினால் போகிற நாள்தான் தெரியும், திரும்புகிற நாள் அவனுக்கே தெரியாது. கல்யாணமாகி அவனோடு கப்பலேறி வந்தவள் இந்த லயத்தில் மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். மூன்றும் தங்கவில்லை. முதலாவது பெயர் வைக்குமுன்பே போயிற்று. அடுத்தது தவழத் தொடங்கியதும் போயிற்று. மூன்றாவது சுவரைப் பிடித்து எழுந்து நின்று, அப்பன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஊருக்கு நல்ல சேதி போகும். மாமனாரும் மாமியாரும் தெருவுக்கே சர்க்கரை கொடுப்பார்கள். பின்னாலேயே கெட்ட சேதி போகும். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

நாலாவது வயிற்றில் இருக்கும்போது பக்கத்து வீட்டு மாரியாயிதான் வழி சொன்னாள். மாரியாயி பெற்றதில் ஒன்றுகூடத் தவறியதில்லை. மூத்த பிள்ளைகள் எல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டு கல்லுக்குண்டாக இருந்தார்கள். அப்படிப்பட்ட கைராசிக்காரி சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா?

"இந்தப் பிள்ளைய எனக்கு வித்துடுடி நல்லம்மா. உன் பிள்ளைன்னு மோப்பம் பிடிச்சுத்தானே எமன் உன் வாசலுக்கு வரான்? மாரியாயி பிள்ளைன்னு நெனச்சுத் திரும்பிப் போவட்டும்."

அப்படியே செய்தார்கள். பெண் பிறந்தது. தீட்டுக் கழிந்ததும் மாரியாயி ஒரு முறம் நிறையத் தவிடு கொண்டுவந்து நல்லம்மாள் வாசலில் கொட்டினாள். "தவிட்டுக்குக் குடுத்தியா?" என்றாள். "குடுத்தேன்" என்றாள் இவள். மாரியாயி பிள்ளையைக் கொல்லை வழியாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டு முன்வாசலில் வைத்து மூக்குக் குத்தி, தவுட்டாயி என்று பெயர் வைத்தாள். பால் கொடுத்ததும் குளிப்பாட்டியதும் நல்லம்மாள்தான். ஆனால் கூலிக்கு வந்தவள் போலத்தான் செய்தாள். பிள்ளை பேசப் பழகியபோது மாரியாயியை "ஆத்தா" என்றது. பெற்றவளை "அத்தை" என்றது. அப்படித்தான் பழக்கினார்கள். கேட்கும்போதெல்லாம் நல்லம்மாளுக்கு நெஞ்சில் ஒரு கை போட்டுப் பிசையும். பிசைந்தால் என்ன, பிள்ளை ஓடுகிறது, விழுகிறது, எழுந்து மறுபடி ஓடுகிறது. மற்ற மூன்றும் எட்டாத வயதை இது எட்டிவிட்டது.

ஊருக்கு மட்டும் சேதி சொல்லவில்லை. விற்ற பிள்ளைக்கு யார் உரிமை கொண்டாடுவது? அஞ்சு வயசு முடியட்டும், கோயிலில் வைத்துத் தவிட்டைத் திருப்பிக் கொடு, பிள்ளையை வாங்கிக்கொள், அப்புறம் உன் மாமியாருக்குச் சொல் என்று மாரியாயி கெடு வைத்திருந்தாள். நல்லம்மாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இருந்திருக்க வேண்டும். தம்புசாமி வராமல் இருந்திருந்தால் இருந்திருப்பாள்.

தம்புசாமி ரெங்கசாமியின் ஊர்க்காரர். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற கூட்டத்துக்குத் தலைவர். ஊருக்குப் போய்த் திரும்பியவர், சேதி சொல்ல வீட்டுக்கு வந்தார். காப்பித்தண்ணியைக் குடித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெங்கா, உங்கப்பாவுக்குக் கண்ணு சுத்தமாப் போயிருச்சுப்பா. கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போறாங்க. 'பேரப்பிள்ளைய மடியில போட்டுத் தடவிப் பார்க்காமலே போயிருவேன் போல'ன்னு சொல்லிச் சொல்லி அழுவுறாரு. உங்கம்மா வேற..." என்று நிறுத்தி, நல்லம்மாள் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உங்கக்கா மகளை உனக்கே கட்டிடலாம்னு பாக்குறாங்க. மூத்தவ இருக்கட்டும், ஒரு பிள்ளை வேணுமில்லன்னு கேக்குறாங்க. தீபாவளிக்கு நான் மறுபடி போறேன். அதுக்குள்ள ஒரு பதில் சொல்லு."

அக்கா மகள் என்றால் மாமன் கேட்கிற முறைப்பெண். யாரும் வாய் திறந்து தப்பு சொல்ல முடியாது. ரெங்கசாமி அப்பா பேச்சைத் தட்டினவனும் இல்லை. தம்புசாமி போனபிறகு அவன் திண்டாடிக்கொண்டு நின்றான். நல்லம்மாள் அழவில்லை. வாசலில் மற்றப் பிள்ளைகளோடு புழுதியில் உருண்டுகொண்டிருந்த தவுட்டாயியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை இல்லாதவளா நான்?" என்றாள் கடைசியில்.

"சத்தமாப் பேசாத புள்ள" என்றான் ரெங்கசாமி, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே.

"எத்தனை நாளைக்கு மூச்சடக்கிக்கிட்டு இருக்கறது? கண்ணு தெரியாத மனுசன் தடவிப் பார்க்கத்தானே கேக்குறாரு? தடவிப் பார்க்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு அனுப்பறேன். வாயால சொன்னாத்தானே எமன் காதுல விழும்? துணிக்கு வாய் கிடையாதுல்ல?"

போட்டோ பிடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்த லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். தவிர, குருட்டு மனுஷருக்கு போட்டோ எதற்கு?

அவள் நினைத்தது இது. பெரிய வெள்ளைத் துணி ஒன்று. ஒரு ஓரத்தில் ரெங்கசாமியின் கை, மறு ஓரத்தில் அவள் கை, நடுவில் பிள்ளை முழுசாக. எல்லாவற்றையும் தடித்த நூல்முறுக்கால் கோட்டின் மேலேயே தைத்துவிட்டால், விரலுக்குப் புடைத்துக்கொண்டு தெரியும். கிழவர் மடியில் விரித்துப் போட்டு, மகன் கையைத் தொடுவார், மருமகள் கையைத் தொடுவார், அப்புறம் பேத்தியின் தலையில் ஆரம்பித்துக் கால் வரைக்கும் தடவுவார். இம்புட்டு வளந்துட்டாளா என்பார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அப்புறம் அக்கா மகளுக்கு வேறு மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

ரெங்கசாமி எஞ்சின் ஷெட்டிலிருந்து நூல் கழிவு கொண்டுவந்தான். எஞ்சின் துடைப்பதற்கென்று மூட்டை மூட்டையாக வருகிற சிக்கல் நூல். எண்ணெய் படாததாகப் பொறுக்கி, இடுப்பில் மறைத்துக் கொண்டுவந்தான். அவள் அதை வேக வைத்து அலசி, சிக்கெடுத்து, தொடையில் உருட்டி முறுக்கினாள். பாசார்க் கடைத்தெருவில் ஜெய்னுதீன் ராவுத்தர் ஜவுளிக் கடையில் காடாத் துணி வாங்கினாள். முதலில் புருஷன் கையை வைத்துக் கோடிழுத்துத் தைத்தாள். கரி அள்ளிக் காய்த்த கை, நூலிலும் பெரிசாகத்தான் வந்தது. அப்புறம் தன் கை. ரெங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தான்.

"அட, நம்ம கைதான் புள்ள! அப்பா கண்டுபிடிச்சிருவாரு" என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்திலேயே வேலைக்குப் போனான். கிள்ளான் ஸ்டேஷனில் தம்புசாமியைப் பார்த்து, "வீட்டுக்கு வாங்கண்ணே, ஒரு நல்ல சேதி இருக்கு. அப்பா அம்மாவுக்குத் தீபாவளிக்கு ஒண்ணு குடுத்துவிடணும்" என்று சொல்லியும்விட்டான். ஆண்பிள்ளைக்கு வாயில் எதுதான் தங்கும்?

மிச்சம் இருந்தது பிள்ளை. அதை எங்கே படுக்க வைத்து அளவெடுப்பது? கரியை எடுத்தாலே பிடுங்கித் தின்னப் பார்க்கும். துணியில் உட்கார்த்தினால் சுருட்டிக்கொண்டு உருளும். ஒரு மத்தியானம் மாரியாயி ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனாள். தவுட்டாயி கஞ்சி குடித்த மயக்கத்தில் அத்தை வீட்டிலேயே தூங்கிப்போனது. நல்லம்மாள் துணியைத் தரையில் விரித்தாள். பிள்ளையைப் பூப்போலத் தூக்கி நடுவில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். கையைப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். காலை நேராக்கினாள். குனிந்து, மூச்சுப் படாமல், காதோரம், தோளோரம், இடுப்போரம் என்று கரியால் கோடிழுத்துக்கொண்டே வந்தாள். அவள் மனசு முழுக்க மாமனாரின் விரல்கள்தான் இருந்தன. தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

பாதத்துக்கு வந்தபோது வாசலில் ஈயச்சட்டி விழுகிற சத்தம் கேட்டது. மாரியாயி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அடிப் பாவி! என்னடி பண்ற?"

"சத்தம் போடாதீங்கக்கா, பிள்ளை முழிச்சிரும்."

"கோடித் துணில நீட்டிப் போட்டு, கையைக் காலைச் சேத்து வச்சு, தலைக்கும் காலுக்கும் அளவெடுக்கிறியே... குழி வெட்டறதுக்குப் பொணத்தையில்லடி இப்படி அளப்பாங்க!"

நல்லம்மாள் அப்போதுதான் பார்த்தாள். வெள்ளைத் துணி. நடுவில் அசையாமல் பிள்ளை. சுற்றிலும் கறுப்புக் கோடு. மூன்று முறை இதே தரையில் இதே மாதிரி பார்த்திருக்கிறாள். பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அது விழித்துச் சிணுங்கியது.

இத்தோடு விட்டிருக்கலாம். துணியை மூலையில் சுருட்டிப் போட்டிருக்கலாம். ஆனால் மாரியாயி சும்மா இருந்தாளா? "என்னைக் கேக்காம எம்பிள்ளைய எவளுக்கு அனுப்பப் பாக்கறே? வித்த பிள்ளைக்கு ஏதுடி உனக்கு மாமியா மாமனாரு?" என்று லயத்துக்கே கேட்கக் கத்தினாள். நல்லம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பெத்தது! எம்பிள்ளை! எம்பிள்ளைன்னு சொல்றதுக்கு உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். அத்தனை வருஷம் கட்டி வைத்திருந்த சொல்லை, வாசலில் நின்று, ஊரறிய, தெய்வமறியச் சொல்லிவிட்டாள். கோபம் ஆறுவதற்குள் ஊசியை எடுத்து, பிள்ளையின் தலைமுதல் பாதம்வரைக்கும் நூல்முறுக்கைத் தைத்தே முடித்துவிட்டாள். பிடிவாதத்தில் தைத்த தையல், அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன்னால் அவள் தைத்ததே இல்லை.

மறுநாள் தவுட்டாயிக்கு உடம்பு சுட்டது.

முதலில் அவள் நம்பவில்லை. கடைவாய்ப் பல் முளைக்கிறதாயிருக்கும், வெயிலில் ஆடியதாயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் பிள்ளைக்குக் குளிர் கண்டு பல் கிட்டியது. இருந்த போர்வை, சேலை, ரெங்கசாமியின் பழைய கோட்டு என்று எதைப் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அப்புறம் வேர்த்துக் கொட்டியது. அப்புறம் மறுபடி குளிர். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு இந்தக் குளிர்காய்ச்சல் புதுசா? வருகிற வழியும் தெரியும், போகிற வழியும் தெரியும். ஆஸ்பத்திரி டிரஸர் வந்து பார்த்து, காய்ச்சல் மருந்து கொய்னா கொடுத்தார். "விடாமக் குடு, பாப்போம்" என்றார். அந்தப் பாப்போம்தான் அவளைக் கொன்றது. போன மூன்று முறையும் அதே சொல்லைத்தான் கேட்டிருந்தாள்.

மாரியாயி உள்ளே வந்தாள். யாரையும் கேட்காமல் பிள்ளையைப் போர்வையோடு தூக்கினாள்.

"எங்கக்கா கொண்டுபோறீங்க?"

"எம்வீட்டுக்கு. இது இங்க இருந்தா இருக்காது. நீ எம்வாசல்படி மிதிக்கக் கூடாது."

"கொய்னா குடுக்கணும்க்கா..."

"நான் குடுக்கிறேன். நான் எத்தனை பிள்ளைய வளத்தவ!"

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். நல்லம்மாள் அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை இருமுவது கேட்டது. மருந்தைத் துப்புவது கேட்டது. அப்புறம் ஈனசுரத்தில் "ஆத்தா, ஆத்தா" என்று முனகுவது கேட்டது. கூப்பிட்டது அவளை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாரியாயி "இந்தாடி கண்ணு, இங்கதான் இருக்கேன்" என்று பதில் சொன்னாள். நல்லம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நானே அளந்தேன், நானே குழிக்கு அளந்து கொடுத்தேன் என்று தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். இதைக் கேட்கிற யாரும் கல்நெஞ்சுக்காரராக இருந்தாலும் கொஞ்சம் கலங்கத்தான் வேண்டும்.

விடிந்ததும் அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். விறகை அடுக்கி, நெருப்பை மூட்டி, துணியை மேலே போடப் போனாள். மாரியாயி வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, எரிக்காதடி! பிள்ளை உருவம் அதுல இருக்கு. எரிச்சா என்ன அர்த்தம்?"

நல்லம்மாள் துணியைப் பின்னால் இழுத்தாள். "அப்ப வெட்டிடட்டுமா?"

"வெட்டவும் கூடாது."

"அப்ப என்னக்கா பண்ணச் சொல்றீங்க? வச்சிருந்தாலும் சாவு, எரிச்சாலும் சாவு, வெட்டினாலும் சாவு. என்னதான் பண்றது, சொல்லுங்க!"

மாரியாயி யோசித்தாள். "பிரி. ஒரு நூல் அறாமப் பிரி. காலிலேருந்து மேல பிரிச்சுக்கிட்டே போ. தலைய கடைசில எடு." இது எந்த ஊர்ச் சாத்திரமோ, மாரியாயிக்கே தெரியாது. பயந்தவள் வாயில் வருவதெல்லாம் சாத்திரம்தான். ஆனால் எதையாவது செய் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே, அதுவே நல்லம்மாளுக்குப் போதும்.

அன்றைக்குப் பூராவும் பிரித்தாள். சோறு பொங்கவில்லை, தலை வாரவில்லை. ரோஷத்தில் இழுத்து இறுக்கிய தையல், ஊசிமுனைக்கு இடம் கொடுக்கவில்லை. நகத்தால் கிளறினாள். நகம் பெயர்ந்தது. பல்லால் கவ்வி இழுத்தாள். அறுந்துவிடுமோ என்று பயந்து எச்சிலால் நனைத்து இளக்கினாள். பாதம் போயிற்று. முழங்கால் போயிற்று. கொலுசு போடுகிற இடம் இது என்று தைக்கும்போது நினைத்திருந்தாள், அதுவும் போயிற்று. குளிப்பாட்டும்போது கூசிக் கூசிச் சிரிக்கிற இடுப்பு போயிற்று. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும்போதும், ஆத்தா மாரியம்மா, துணியில இருந்துதான் எடுக்கிறேன், அவகிட்ட இருந்து எடுக்கல, அவகிட்ட இருந்து எடுக்கல என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளை முனகும்போதெல்லாம் கை நிற்கும். முனகல் நின்றுவிட்டால் அதைவிடப் பயம். "அக்கா, மூச்சு இருக்கா?" என்று கத்துவாள். "இருக்குடி, நீ பிரி" என்று பதில் வரும்.

பொழுது சாயும்போது தலையையும் பிரித்துவிட்டாள். கரிக்கோட்டைச் சவுக்காரம் போட்டுக் கசக்கி, கல்லில் அடித்து, கோடு இருந்த சுவடே தெரியாமல் அலசினாள். ஈரத் துணியோடு மாரியாயி வாசலுக்கு ஓடினாள். படியை மிதிக்காமல் வெளியிலேயே நின்றாள்.

"பிரிச்சிட்டேன்க்கா. எப்படி இருக்கா?"

மாரியாயி வெளியே வந்தாள். அவளும் அழுதிருந்தாள். "நெருப்பா கொதிக்குதுடி. கண்ணு செருகிக்கிட்டே போவுது. நேத்துக்கு இன்னிக்கு மோசம்."

"நீங்க சொன்னபடி பிரிச்சேனே..."

"துணியப் பிரிச்சே. வாயால சொன்னியே, அது? 'நான் பெத்தது, எம்பிள்ளை'ன்னு வாசல்ல நின்னு சொன்னியே, அதை எப்படிப் பிரிப்பே?" மாரியாயி குரலில் கோபம் இல்லை. அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். "யாருக்குச் சொல்லி சொந்தம் கொண்டாட நெனச்சியோ, அவங்களுக்கு இல்லேன்னு சொல்லணும்டி. எனக்குப் பிள்ளையே இல்லேன்னு அவங்க காதுக்குப் போவணும். அப்பத்தான் எமன் நம்புவான்."

இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று நல்லம்மாளுக்குத் தெரியாதா? மலடிப் பட்டம் நிலைக்கும். அக்கா மகள் கப்பலேறி வருவாள். அவளுக்குப் பிறப்பதைக் கிழவரும் கிழவியும் கொஞ்சுவார்கள். இவளுக்கென்று அந்த வீட்டில் ஒரு பெயரும் இருக்காது. எல்லாம் தெரியும். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

லயத்துக் கோடியில் மாரியம்மன் மேடை இருந்தது. நல்லம்மாள் நேராக அங்கே போனாள். உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்து ஏற்றினாள். "ஆத்தா, அந்தப் பிள்ளை என்னுது இல்ல. ஊருக்கும் சொல்லிடறேன். எம்மாமனாருக்கும் மாமியாருக்கும் இல்லேன்னு சொல்லி அனுப்பிடறேன். என்னைக்கும் கேக்க மாட்டேன். கெடு முடிஞ்சாலும் கேக்க மாட்டேன். உசிரை மட்டும் விட்டுடு" என்றாள். கற்பூரம் எரிந்து அடங்குகிறவரை கையை உதறவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. வேர்த்து, உடம்பு குளிர்ந்து, கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டது. கொய்னா கேட்டதோ, மாரியம்மன் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நல்லம்மாள் கொப்புளித்த கையோடு மண்ணில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அவளுக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. கொடுத்த வாக்கில் ஒரு சொல் பிசகினாலும் அந்தக் காய்ச்சல் திரும்பி வரும்.

ரெங்கசாமி வண்டியை விட்டு இறங்கி, கரிமுகத்தோடு வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். அவள் கையைப் பிடித்துப் பார்த்தான்.

"அப்பாகிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லணும்."

"அவங்க பொண்ணு பாத்து வச்சிருக்காங்க புள்ள..."

"தெரியும். பிள்ளை பிழைக்கணுமா, எம்பேரு நிலைக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

அவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினான். கரியும் கண்ணீருமாகத் துண்டு நனைந்தது.

அன்று சாயங்காலமே தம்புசாமி வந்துவிட்டார். மறுநாள் கப்பல். கையில் பலகாரப் பொட்டலம், வாய் நிறையச் சிரிப்பு.

"என்ன ரெங்கா! கிள்ளான் ஸ்டேஷன்ல முப்பத்திரண்டு பல்லும் தெரிய நல்ல சேதி, நல்ல சேதின்னியே, சொல்லு. பெரியவருக்கு என்ன கொண்டுபோகணும்?"

ரெங்கசாமி தரையைப் பார்த்தான். நல்லம்மாள்தான் துணியை எடுத்துக் கொடுத்தாள். தம்புசாமி மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார். "அடேங்கப்பா! இது உன் கை. இது தங்கச்சி கை. கண்ணு தெரியாதவருக்குன்னு யோசிச்சுச் செஞ்சிருக்கீங்களே!" என்றவர், கையை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். "நடுவுல இவ்வளவு இடம் சும்மா கெடக்கே? இங்க ஒண்ணும் இல்லியா?"

மாரியாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். காய்ச்சலில் வாடின பிள்ளை, புது ஆளைப் பார்த்துத் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டது. தம்புசாமி பொட்டலத்தைப் பிரித்து ஒரு அதிரசத்தை நீட்டினார்.

"இது யாரு பிள்ளை? ஏன் இப்படித் துவண்டு கெடக்கு?"

மாரியாயி சொல்ல வேண்டியது. இத்தனை வருஷமாக எம்பிள்ளை, எம்பிள்ளை என்று லயத்துக்கே முழங்கினவள். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. நல்லம்மாள் முகத்தைப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டு போயிற்று. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஒரு நொடி இன்னும் தாமதித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

"மாரியாயிக்கா பிள்ளை அண்ணே" என்றாள் நல்லம்மாள். "கடைக்குட்டி. செத்துப் பொழைச்சுது, அதான் அழுவுறாங்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இல்லண்ணே."

தம்புசாமியின் சிரிப்பு அடங்கியது. நல்ல மனுஷர், வருத்தப்பட்டார். "விடு தங்கச்சி. பெரியவர் இதைத் தடவினாலே புரிஞ்சுக்குவாரு" என்று துணியை மடிக்கத் தெரியாமல் மடித்தார். அப்புறம் ரெங்கசாமி பக்கம் திரும்பினார். "ரெங்கா, அந்தப் பொண்ணு விஷயம்? தீபாவளி கழிச்சுப் பேசி முடிக்கணும்னு அம்மா காத்துக்கிட்டிருக்காங்க. என்னன்னு சொல்லட்டும்?"

ரெங்கசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லம்மாள் தம்புசாமியின் கையிலிருந்து துணியை வாங்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சரியாக மடித்தாள்.

"பேசி முடிக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள். "பாவம், அவங்களுக்கும் ஒரு பேரப்பிள்ளை வேணுமில்ல?"

வாசலில் பிள்ளை அதிரசத்தைக் கடித்துத் தின்னத் தொடங்கியிருந்தது. நல்லம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமல், மடித்த துணியைப் பொதியாகக் கட்டி, முடிச்சை இறுக்கி, அவர் கையில் கொடுத்தாள்.